மூடி போட்ட ஜாடிகள்

பெட்டாலிங் ஜெயா
18 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஷர்வின் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. தமிழ்ப்பள்ளியை விட்ட பிறகு பேனாவால் இவ்வளவு நீளமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். அம்மாவுக்கு மழை வந்தால் முட்டிவலியும் கூடவே வந்துவிடுகிறது. உன் தோள்வலி எப்படி இருக்கிறது?

உனக்குப் போன் அடித்து அடித்து எனக்கு விரல் தேய்ந்துவிட்டது. எடுத்தால் "கையெல்லாம் மண்ணுடா, அப்புறம் கூப்பிடுறேன்" என்கிறாய். வீடியோ கால் போட்டால் உடனே லைன் போய்விடுகிறது. பாலிக் புலாவில் டவர் இல்லை என்று இந்தக் காலத்தில் யாரிடம் கதை விடுகிறாய்? அதனால்தான் கடிதம். இதையாவது கையைக் கழுவிவிட்டுப் பிரித்துப் படி.

விஷயம் இதுதான். கம்பெனி வேலையை விட்டுவிட்டேன். திட்டாதே, முழுதாகக் கேள். உன் பினாங்கில்தான், ஜார்ஜ்டவுனில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் அப்துல் ரசாக் அண்ணன், பக்கத்தில் இருந்த பழைய கடைவீட்டை வாங்கிச் சின்ன ஹோட்டலாக மாற்றுகிறார். உள் அலங்காரம் முழுவதும் என் பொறுப்பு. என் பெயரில் நான் செய்யும் முதல் வேலை இது. நன்றாக வந்தால் லங்காவியில் அவர் கட்டப்போகும் இரண்டாவது ஹோட்டலும் எனக்குத்தான் என்று சொல்லியிருக்கிறார். சொதப்பினால் மறுபடியும் யாரிடமாவது போய்க் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

இப்போது எந்த ஹோட்டலுக்குப் போனாலும் ஒரே கடையில் வாங்கின மாதிரிப் பூச்சாடிகள். எனக்குக் கையால் செய்தது வேண்டும். விரல் பட்ட தடம் தெரிய வேண்டும். "என் அக்கா காமினி செய்றாங்க அண்ணே, பாலிக் புலாவ்ல சொந்தப் பட்டறை" என்று ரசாக் அண்ணனிடம் பெருமையடித்துவிட்டு வந்திருக்கிறேன். சுவருக்குத் தட்டோ, மேசைக்குக் குவளையோ, உன்னிடம் இருப்பதைப் படம் எடுத்து அனுப்பு.

அம்மா பக்கத்து வீட்டு லெட்சுமி அக்காவிடம் "எம் மக கலைப்பொருள் செய்யுறா" என்று சொல்லாத நாள் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தம்பி,
ஷர்வின்


பாலிக் புலாவ்
2 மார்ச் 2024

தம்பிக்கு,

சிரிக்காதே என்றாய், சிரித்துவிட்டேன். கோழி கிளறின மாதிரி இருந்தாலும் முழுதாகப் படித்தேன். தோள்வலி அப்படியேதான் இருக்கிறது, அதற்கும் எனக்கும் பழகிவிட்டது. அம்மாவுக்கு முட்டியில் தைலம் தேய்த்துவிடு, நீயே தேய்த்துவிடு, அவள் தானே தேய்த்துக்கொள்ள மாட்டாள்.

வேலையை விட்டதற்குத் திட்டப் போவதில்லை. கைகட்டி நிற்கும் முகம் இல்லை உனக்கு; சின்ன வயதிலேயே தெரியும்.

தட்டுகளின் படங்களை வாட்சப்பில் அனுப்பியிருக்கிறேன். இங்கே தோட்டத்து ஜாதிக்காய் இலையை ஈர மண்ணில் அழுத்தி எடுத்தவை. சுவரில் மாட்டலாம். படம் சுமாராகத்தான் வந்திருக்கிறது. ஆனால் பேச்சை எல்லாம் கடிதத்திலேயே வைத்துக்கொள்வோமா? போனில் நீ என்னோடு பேசும்போதே பாதிப் பேச்சு உன் பக்கத்தில் நிற்பவர்களுக்குப் போய்விடுகிறது. கடிதத்தில் முழு ஷர்வினும் எனக்குக் கிடைக்கிறான்.

பட்டறையைப் பார்க்க வருகிறேன் என்று கிளம்பிவிடாதே. வழியெல்லாம் சேறு. கூரையும் ஒழுகுகிறது. எல்லாம் சரி செய்துவிட்டு நானே கூப்பிடுகிறேன்.

அம்மாவை நான் கேட்டதாகச் சொல்.

அக்கா,
காமினி


பெட்டாலிங் ஜெயா
11 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். அம்மாவின் முட்டியில் தைலம் தேய்க்கிறேன். தேய்க்கத் தேய்க்க உன்னைப் பற்றியே பேசுகிறாள். நீ ஒழுங்காகத் தூங்குகிறாயா?

தட்டுகள் அழகு. ஆனால் ரசாக் அண்ணனும் நானும் தட்டைப் பார்க்கவே இல்லை. இரண்டாவது படத்தில் தட்டுக்குப் பின்னால் ஓர் அலமாரி தெரிகிறது பார், அதில் வரிசையாக நிற்கின்றனவே, மூடி போட்ட ஜாடிகள், தோளில் இலைத் தடம் பதித்து, மழை நின்ற பிறகு தெரியும் பச்சை நிறத்தில்? படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். ரசாக் அண்ணன், "தம்பி, இதுதான்லா வேணும். வேற ஒன்னும் காட்டாதீங்க" என்று சொல்லிவிட்டார். இப்படி ஒரு பொருளை வைத்துக்கொண்டா தட்டைப் படம் எடுத்து அனுப்புகிறாய்!

இத்தனை வருடம் மற்றவர்கள் செய்த ஜாடியை எத்தனையோ வீடுகளில் வைத்திருக்கிறேன். எதையும் இப்படி நின்று பார்த்ததில்லை. அமைதியாக இருக்கிறது அக்கா. கோவிலுக்குள் நுழைந்தால் குரல் தானாக இறங்குமே, அந்த மாதிரி.

நாளை நோன்பு ஆரம்பம். பெருநாள் முடிந்ததும் சாமான்களை அடுக்க வேண்டும். அதற்குள் கொடுத்துவிடுவாய் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். என் மானத்தைக் காப்பாற்று.

உன் தம்பி,
ஷர்வின்


(எழுதியது, அனுப்பாதது)
பாலிக் புலாவ்
19 மார்ச் 2024

ஷர்வின்,

அது அஸ்தி வைக்கிற ஜாடிடா.

எழுதியாகிவிட்டது. இனிமேல் மற்றதையும் எழுதிவிடுகிறேன். கொரோனாவில் காபிக் கடைகள் மூடின பிறகு என் குவளையையும் தட்டையும் வாங்க ஆள் இல்லை. ஜெலுத்தோங்கில் சீனர்களுக்கு ஈமச் சடங்குச் சாமான் விற்கும் ஒரு கடைக்காரர் தேடி வந்தார். கையால் செய்த அஸ்தி ஜாடி கேட்கிறார்கள், செய்வாயா என்றார். சரி என்றேன். ஒரு சூளை மட்டும் என்று நினைத்தேன். இப்போது என் சூளையில் வேறு எதுவும் அதிகம் வேகுவதில்லை. இதுதான் எனக்குச் சோறு போடுகிறது.

நம் ஆட்கள் அஸ்தியை மறுநாளே கடலில் கரைத்துவிடுகிறார்கள். ரசாக் அண்ணன் வீட்டில் அடக்கம் செய்கிறார்கள். அதனால்தான் உங்கள் இரண்டு பேருக்கும் பார்த்ததும் தெரியவில்லை. சீனர்கள் ஜாடியில் வைத்து, மூடி விளிம்பில் நான் வெட்டும் பள்ளத்தில் வெள்ளைச் சிமெண்டு பூசி அடைத்து, மாடத்தில் வைத்துக் கும்பிடுகிறார்கள். நல்ல வேலைதான். சக்கரத்தில் உட்கார்ந்திருக்கும் வரை எனக்கு ஒரு குறையும் தோன்றுவதில்லை. எழுந்து வெளியே போய் யாராவது "என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டால்தான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

அம்மாவை உனக்குத் தெரியும். சாவு வீட்டிலிருந்து வந்த தட்டைக்கூட வாசல் தாண்ட விடமாட்டாள். அவளிடம் போய் நான் என்ன சொல்ல? நீ வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் ஏன் வைத்துவிடுகிறேன் தெரியுமா? எந்தப் பக்கம் போனைத் திருப்பினாலும் அலமாரி தெரியும். படம் எடுக்கும்போது கவனிக்காமல் விட்டது என் முட்டாள்தனம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதுதான் சொல்லவே கூசுகிறது. இந்த ஜாடிகளை இதுவரை யாரும் அழகு என்று சொன்னதில்லை. கடையில் வாங்குகிறவர்கள் அழுதுகொண்டே வாங்குகிறார்கள், விலை கேட்கிறார்கள், போகிறார்கள். நீ எழுதியதைப் படித்துவிட்டு எனக்குத் தலைகால் புரியவில்லை. கொடுத்துவிட வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

அக்கா


பாலிக் புலாவ்
2 ஏப்ரல் 2024

தம்பிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கொஞ்சம் காய்ச்சல், இப்போது பரவாயில்லை. அம்மாவிடம் காய்ச்சலைப் பற்றிச் சொல்லாதே.

ஜாடிகளைத் தருகிறேன். புதிதாகச் செய்தவை, யாருக்கும் போகாதவை. பெருநாள் முடிந்ததும் லோரியில் ஏற்றி அனுப்புகிறேன்.

ஒரே ஒரு வார்த்தை. உயரமான இடத்தில் வை. பார்ப்பதற்கு மட்டும். யாரும் மூடியைத் திறக்க வேண்டாம், உள்ளே எதையும் போட வேண்டாம். செய்தவள் சொல்கிறேன், அவ்வளவுதான்.

நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். சந்தோஷம்.

அக்கா,
காமினி


ஜார்ஜ்டவுன்
22 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஹோட்டலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். அம்மா இந்த வாரம் படியேறிக் கோவிலுக்குப் போய்விட்டு வந்தாள், நம்புவாயா? உன் காய்ச்சல் திரும்பி வரவில்லையே?

ஹோட்டல் திறந்தாகிவிட்டது! உன் ஜாடிகள்தான் இங்கே ராஜா. உள்ளே வருகிறவர்கள் சாவியை வாங்குவதற்கு முன்னால் ஜாடியைப் படம் எடுக்கிறார்கள். ரசாக் அண்ணன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "கையால செஞ்சது, இந்த மாதிரி வேற எங்கயும் கெடைக்காது" என்கிறார்.

நீ சொன்னபடி முதலில் படிக்கட்டுச் சுவரில் உயரமான பலகையில்தான் வைத்தேன். அவர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "இவ்ளோ அழகானத மேல தூக்கி வெச்சா யாரு பாப்பா? கீழ எறக்குங்க தம்பி, பசியாறுற எடத்துல வைப்போம்லா" என்று அவரே இறக்கிவிட்டார். இப்போது பசியாறும் மேசையில் வரிசையாக நிற்கின்றன. ஒன்றில் பிஸ்கட், ஒன்றில் கெரோப்போக் வறுவல், ஒன்றில் கருப்புச் சீனி. பிஸ்கட் ஜாடி பத்து மணிக்குள் காலியாகிவிடுகிறது.

அதைவிட, மூடி விளிம்பில் ஒரு பள்ளம் வெட்டியிருக்கிறாயே, அதற்கு ரொஸ்னா உன் ரசிகை ஆகிவிட்டாள். ரொஸ்னா இங்கே மேனேஜர். கடையில் வாங்கும் டப்பாகூட இவ்வளவு கச்சிதமாக மூடாதாம். பிஸ்கட் நமுத்துப் போவதே இல்லை. எதையும் யோசித்துத்தான் செய்கிறாய் அக்கா!

லங்காவி வேலைக்கு வரைபடம் கேட்டிருக்கிறார். ஒரு நாள் நீ வந்து பார்க்க வேண்டும். பஸ் ஏறினால் ஆச்சு.

உன் தம்பி,
ஷர்வின்


பாலிக் புலாவ்
25 ஜூலை 2024

தம்பிக்கு,

அம்மா படியேறினாள் என்று படித்து மகிழ்ந்தேன். நான் இருக்கிறேன். டுரியான் காலம், ரோடெல்லாம் ஆட்களும் காரும்.

வந்து பார்த்தேன். உன்னிடம் சொல்லவில்லை. கொம்தார் பஸ் நிலையத்தில் இறங்கி நடந்து போனேன். அறை வாடகை கேட்க வந்தவள் மாதிரி உள்ளே போய் நின்றேன். நீ செய்திருக்கும் வேலை அருமை. அந்தப் பழைய மரக்கதவை மேசையாக்கியிருக்கிறாயே, யாருக்கு வரும் அந்த யோசனை? என் தம்பி என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொல்ல வாய் துடித்தது.

அப்போது ஒரு சின்னப் பெண் நாற்காலி மேல் ஏறி ஜாடிக்குள் கையை விட்டு பிஸ்கட் எடுத்துக் கடித்தாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்துவிட்டேன்.

ஜாடிகளை மேலே ஏற்றிவிடு. உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிடு. ரசாக் அண்ணனிடம் என்ன காரணம் வேண்டுமானாலும் சொல். என்னிடம் காரணம் கேட்காதே. இதுவரை உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை, இதைக் கேட்கிறேன்.

அக்கா,
காமினி


பெட்டாலிங் ஜெயா
14 ஆகஸ்ட் 2024

அக்கா,

உன் கடிதம் வந்தபோது லங்காவி வரைபடத்தில் மூழ்கியிருந்தேன். கலைஞர்களுக்கு இப்படி ஏதாவது பிடிவாதம் இருக்கும் என்று சிரித்துவிட்டு மேசைமேல் வைத்துவிட்டேன்.

போன வாரம் ஈப்போவிலிருந்து வயதான ஒரு சீன அம்மா மகனோடு வந்து தங்கினார். காலையில் பசியாற இறங்கி வந்தவர், ஜாடிகளைப் பார்த்ததும் நின்றுவிட்டாராம். பிறகு நடந்ததை ரசாக் அண்ணன் போனில் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அந்த அம்மா கிட்டப் போயி மூடியத் தொட்டுத் தொட்டு என்னமோ சொல்லி அழுவுறாங்க. எனக்கு ஒன்னும் வெளங்கல. மகன் வந்து ரொஸ்னாகிட்டச் சொல்றாரு, 'இதே ஜாடியிலதான் எங்க அப்பா இருக்காரு'ன்னு. அதே பச்சை, அதே எலை. அந்த நேரம் பாத்து ஒருத்தன் பிஸ்கட்டு எடுக்கக் கைய நீட்டிக்கிட்டு நிக்கிறான் தம்பி. நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு அவங்ககிட்டப் பேசுவேன்? சாம்பல் வைக்கிற ஜாடியிலயா இத்தன நாளா எல்லாருக்கும் சாப்பாடு போட்டோம்?"

அன்று பசியாறும் இடத்தையே மூடிவிட்டார். அந்த அம்மா சாப்பிடாமலே ஈப்போவுக்குத் திரும்பிவிட்டாராம்.

உண்மையா அக்கா? தெரிந்தேதான் கொடுத்தாயா? ஒரே வரி எழுதினால் போதும்.

ரசாக் அண்ணனிடம் நான் என்ன பதில் சொன்னேன் என்று மட்டும் கேட்காதே.

ஷர்வின்


பாலிக் புலாவ்
20 ஆகஸ்ட் 2024

தம்பிக்கு,

உண்மை. தெரிந்தேதான் கொடுத்தேன்.

மார்ச் மாதமே உனக்கு எல்லாவற்றையும் எழுதி வைத்தேன். அனுப்பத் துணிவில்லை. அதை இத்துடன் வைத்திருக்கிறேன், படித்துக்கொள். அதில் இல்லாத ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன். உன் கண்ணுக்கும் ரசாக் அண்ணன் கண்ணுக்கும் தெரியாது என்று கணக்குப் போட்டேன். பினாங்கில் ஒரு ஹோட்டலுக்குச் சீனர்களும் வருவார்கள் என்பதை மறந்தேன் என்று சொன்னால் பொய். மறக்கவில்லை. நினைக்காமல் இருந்துகொண்டேன்.

அந்த அம்மாவை நினைத்தால் சோறு இறங்கவில்லை. தன் வீட்டுக்காரரை வைக்க என் ஜாடியைத் தேர்ந்தெடுத்தவர் அவர். எத்தனையோ ஜாடிகளைப் பார்த்திருப்பார், என்னுடையதை எடுத்தார். அவர் கண் முன்னாலேயே அதில் பிஸ்கட் போட வைத்துவிட்டேன். உனக்குச் செய்தது ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த அம்மாவுக்குச் செய்ததற்கு நான் எங்கே போய் மன்னிப்புக் கேட்பேன்? வெட்கமாக இருக்கிறது ஷர்வின். இந்த வேலையைச் செய்வதற்கு இவ்வளவு நாள் வெட்கப்பட்டேன். இப்போது அந்த வேலைக்கு நான் செய்த துரோகத்துக்கு வெட்கப்படுகிறேன்.

ரசாக் அண்ணனிடம் நானே போகிறேன். ஷர்வினின் அக்கா நான், என் தம்பிக்கு எதுவும் தெரியாது, தப்பு முழுக்க என்னுடையது என்று சொல்லி, ஜாடிகளை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன். உன் லங்காவி வேலைக்கு இதனால் ஒன்றும் ஆகக்கூடாது.

நீ என்ன பதில் சொன்னாய் என்று நான் கேட்கவில்லை.

அக்கா


பாலிக் புலாவ்
9 செப்டம்பர் 2024

தம்பிக்கு,

உன்னிடமிருந்து கடிதம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை, பரவாயில்லை. அம்மா சுகம்தானே?

ஹோட்டலுக்குப் போய் வந்தேன். ஜாடிகள் அட்டைப்பெட்டிகளில், படிக்கட்டுக்கு அடியில் இருந்தன. ரசாக் அண்ணன் தங்கமான மனிதர். திட்டுவார் என்று நினைத்துப் போனேன். உட்காரச் சொல்லி, நுரை பொங்க ஒரு கிளாஸ் தே தாரிக் ஆற்றிக் கொடுத்தார்.

"இந்த ஜாடிய செஞ்சவ நான்தான் அண்ணே" என்றேன். அடுத்த வார்த்தையை நான் எடுப்பதற்குள் அவரே பேசிவிட்டார்.

"ஓ, ஈப்போ கடைக்குப் போடுறது நீங்கதானாக்கா? ஷர்வின் தம்பி எல்லாம் சொல்லிட்டாரு. பாவம், அவரு அக்காவதான் செய்யச் சொல்லியிருந்தாராம். அவங்களுக்கு ஒடம்பு முடியாமப் போயி, கடைசி நேரத்துல ஈப்போவுல ஒரு கடையில அதே மாதிரி வாங்கிட்டாராம். யாரு செஞ்சதுன்னே தெரியாதாம். அந்தக் கடக்காரனுங்க ஏமாத்திட்டானுங்க."

நான் கிளாஸை மேசைமேல் வைத்தேன்.

"அவரு அக்கா நல்ல கலைஞராம்க்கா. அவங்க செஞ்சிருந்தா இப்படி நடந்திருக்குமா சொல்லுங்க?" என்றார்.

"நடந்திருக்காதுதான் அண்ணே" என்றேன்.

"ஒங்களுக்கு அவங்களத் தெரியுமா? பாலிக் புலாவ்தானாம்."

"தெரியாது. தம்பியையும் தெரியாது. நான் கடைக்குத்தான் கொடுப்பேன்" என்றேன்.

அவர் கடைப் பையன்கள் பெட்டிகளை வேனில் ஏற்றிவிட்டார்கள். அந்த ஈப்போ அம்மாவின் விலாசத்தை மட்டும் ரொஸ்னாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். அவருக்கு எழுத வேண்டும்; எந்த மொழியில், என்னவென்று எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை.

உன் வார்த்தை அப்படியே நிற்கிறது. அதை இனி நீ மாற்றிச் சொல்லாதே. லங்காவி வேலையை நன்றாகச் செய்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

காமினி


பாலிக் புலாவ் பஸ் நிலையம்
4 நவம்பர் 2024

அக்கா,

எழுதாமல் இருந்ததற்கு ஒரு காரணமும் சொல்லப் போவதில்லை. உன் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு இத்தனை நாள் சுற்றினேன். வேலைக்கு உட்கார்ந்தால் "தம்பியையும் தெரியாது" என்று நீ எழுதிய வரிதான் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. அந்த வார்த்தையை உன் வாயில் வைத்தவன் நான். சாவுக்குச் செய்கிற பொருள் என்று கேட்டதும் முதலில் எனக்கு வந்தது கோபம்கூட இல்லை அக்கா, கூச்சம். இவள் என் அக்கா என்று தெரிந்துவிடுமே என்ற கூச்சம். அதுதான் அந்தப் பொய்யைச் சொல்ல வைத்தது.

தீபாவளியன்று அம்மா, "காமினி ஏன் வரல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். மாலையில் அம்மா ஒரு டின் நிறைய முறுக்குப் போட்டு, "அவகிட்டக் குடு. டின்னத் திருப்பிக் குடுக்க வேணாம்னு சொல்லு" என்றாள். உன் வீட்டிலிருந்து பாத்திரம் திரும்பி வரக்கூடாது என்று நினைக்கிறாளா, இல்லை உனக்கே இருக்கட்டும் என்று நினைக்கிறாளா, எனக்குத் தெரியவில்லை. கேட்கத் துணிவில்லை.

இன்று காலை ரசாக் அண்ணனைப் பார்த்தேன். "நான் சொன்னது பொய் அண்ணே. செஞ்சது என் அக்காதான். இங்க வந்து போனாங்களே, அவங்கதான்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்தம்மா ஒங்களத் தெரியாதுன்னு சொன்னாங்களே தம்பி."

"எனக்காகச் சொல்லியிருக்காங்க."

"அன்னைக்கு ஒன்னு சொன்னீங்க, இன்னைக்கு ஒன்னு சொல்றீங்க. எத நம்புறது? அக்கா படம் இருந்தாக் காட்டுங்க."

போனை எடுத்தேன். உன் ஜாடிகள் நூறு படம் இருக்கும். ஜாடியைப் பிடித்திருக்கும் உன் கை இரண்டு மூன்றில் இருக்கிறது. உன் முகம் ஒன்றில்கூட இல்லை. அவர் முன்னால் தள்ளித் தள்ளித் தேடினேன் அக்கா. அவருக்கே பாவமாகிவிட்டது போல. "சரி விடுங்க. அக்காவக் கூட்டிக்கிட்டு வாங்க, அப்பறம் பேசுவோம்" என்றார். லங்காவியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

பஸ் ஏறி உன் இடத்துக்கு வந்தேன். விசாரித்துத்தான் வந்தேன், அக்கா வீட்டுக்கு வழி கேட்டு வந்தேன். வழியில் சேறு இல்லை. கூரையும் நன்றாகத்தான் இருக்கிறது. கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தேன். நீ சக்கரத்தில் உட்கார்ந்திருந்தாய். முடி நிறைய நரைத்துவிட்டது உனக்கு. கூப்பிட்டிருக்கலாம். "யாரு?" என்று நீ திரும்பிக் கேட்டால் என்ன சொல்வது என்று பயம் வந்துவிட்டது. முறுக்கு டின்னைக் கேட்டில் மாட்டிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

உன் பட்டறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு உனக்குக் கடிதம் எழுதுகிறேன். பஸ் வருகிறது. இங்கேயே தபாலில் போட்டுவிடுகிறேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

ஷர்வின்


பாலிக் புலாவ்
12 நவம்பர் 2024

தம்பிக்கு,

கடிதமும் முறுக்கும் கிடைத்தன. சுகமாக இருக்கிறேன். அம்மாவின் கைப்பக்குவம் மாறவே இல்லை. டின்னைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை.

அன்று நீ கேட்டுக்கு வெளியே நின்றதை நான் பார்த்தேன்.

நீலச் சட்டை, தோளில் பை. பார்த்த உடனே தெரிந்துவிட்டது. யாரென்று கேட்டுவிடுவேனோ என்று பயந்தாயாக்கும்; நீ நடந்து வருகிற நடையை வைத்தே எந்தக் கூட்டத்திலும் உன்னைக் கண்டுபிடித்துவிடுவேன், பைத்தியக்காரா. கூப்பிட வாயைத் திறந்தேன். அப்போதுதான் அலமாரி ஞாபகம் வந்தது. அன்று சூளையிலிருந்து இறக்கிய ஜாடிகள் மேலிருந்து கீழ் வரை நின்றன.

உனக்கு எல்லாம் தெரியும். ரசாக் அண்ணனுக்குத் தெரியும். அம்மாவுக்கும் சொல்லிவிட்டாய் என்று இப்போது தெரிகிறது. இனி மறைக்க என்னிடம் என்ன இருக்கிறது? ஆனாலும் என் கை கேட்கவில்லை ஷர்வின். உள்ளே ஓடிப்போய்ப் படுக்கை விரிப்பை உருவிக்கொண்டு வந்து அலமாரி மேல் போட்டேன். ஒரு மூலை சரிந்தது. அதையும் இழுத்துச் சொருகினேன். கீழ்த்தட்டில் இரண்டு ஜாடி தெரிந்தது, அதற்கு என் துண்டைப் போட்டேன். எல்லாம் மூடிவிட்டு, "வாடா உள்ள" என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன்.

கேட்டுக்கு வெளியே யாரும் இல்லை.

ரோடு வரை ஓடி வந்தேன். நீ இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. பஸ் நிலையத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பாய் என்று எனக்கு எப்படித் தெரியும்?

விரிப்பு இன்னும் அலமாரி மேல்தான் கிடக்கிறது. தினமும் எடுக்கப் போகிறேன், எடுக்காமல் வந்துவிடுகிறேன். அடுத்த தடவை நேராக உள்ளே வந்து அதை நீயே எடு. எனக்குக் கை வரவில்லை.

உன் அக்கா,
காமினி